வரைபடத்தில் தீட்டிய சிவப்பு

பணியின் பொருட்டோ பிழைப்பின் பொருட்டோ சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் எவரும் முதலில் எதிர்கொள்ளும் பிரச்சினை வீடு. வாடகைக்கு விடப்படும் என்ற பலகையைக் கண்டு படியேறுகிறோம். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்பே, நம் பெயர் என்ன, ஊர் எது, மொழி எது, சமையலில் என்னென்ன சேரும் என்று வீட்டுக்காரர் கேட்டுவிடுகிறார். மறுநாள் வாருங்கள் என்கிறார். மறுநாள் சென்றால், வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்கிறார். ஆனால் அந்தப் பலகை மட்டும் மேலும் ஒரு மாதம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. அதனை ஒரு தனி மனிதரின் குறுகிய மனம் என்று கருதி, பெருமூச்சு விட்டு, அடுத்த தெருவை நோக்கி நடந்துவிடுகிறோம்.

அந்தக் குறுகிய மனத்தை ஓர் அரசாங்கமே ஏற்றுக்கொண்டு, அதனை விதியாக எழுதி, வரைபடமாகத் தீட்டி, வங்கிகளின் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கற்பனையான கேள்வியன்று இது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு நடந்தது. அதன் விளைவுகளை அந்நாட்டு நகரங்கள் இன்றும் அனுபவித்து வருகின்றன. அதற்கு மாற்றுத் தேடியவர்களும் அந்நகரங்களிலேயே தோன்றினார்கள். அவர்களுடைய முயற்சிக்கும் நம் பாரத நாட்டுக்கும் எதிர்பாராத உறவு ஒன்றும் உண்டு. இவற்றையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

ஏறத்தாழ 1910 முதல் 1970 வரையில், தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களில் உழைத்து வந்த கறுப்பினத்தாரில் சுமார் 60 லட்சம் பேர், சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் போன்ற வடக்கு, மேற்கு நகரங்களை நோக்கிக் குடிபெயர்ந்தனர். அவர்களும் நம்மைப் போலவே வேலை தேடிச் சொந்த நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த நகரங்கள் அவர்களுடைய உழைப்பை வரவேற்றன. ஆனால் அவர்கள் அண்டை வீட்டில் குடியிருப்பதை விரும்பவில்லை. 1910-ஆம் ஆண்டிலேயே பால்டிமோர் நகரம், எந்தத் தெருத்தொகுதியில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று வரையறுத்துச் சட்டம் இயற்றியது. வேறு சில நகரங்களும் அதனைப் பின்பற்றின. 1917-இல் லூயிவில் நகரத்தின் சட்டம் பற்றிய வழக்கில், இத்தகைய சட்டங்கள் செல்லாவென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாசல் வழியே நுழைய முடியாதது பின்கட்டு வழியே நுழைந்தது. வீடு விற்போரும் வாங்குவோரும் தம் பத்திரத்தில், இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதார்க்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று நிபந்தனை எழுதிக்கொள்ளலாயினர். இது தனியார் ஒப்பந்தமேயன்றி நகரச் சட்டம் அன்று. ஆகவே நீதிமன்றங்கள் நெடுங்காலம் இதில் குறுக்கிடவில்லை.

இதற்குப் பின்னரே மத்திய அரசாங்கம் களத்தில் இறங்கியது. 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவித்தன. அவற்றைக் காப்பதற்காக 1933-இல் வீட்டு உடைமையாளர் கடன் கழகம் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அது சுமார் 10 லட்சம் வீடுகளின் கடனைத் தானே ஏற்று, நீண்ட தவணையில் திருப்பிக் கட்ட வழிசெய்தது. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய பணி என்பதில் ஐயமில்லை. அந்தக் கழகம் 1935 முதல் 1940 வரையில் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை ஆராய்ந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தரம் குறித்து வரைபடங்கள் தயாரித்தது. முதல் தரம் பச்சை, இரண்டாம் தரம் நீலம், மூன்றாம் தரம் மஞ்சள், கடன் கொடுப்பதற்கு ஆபத்தான நான்காம் தரம் சிவப்பு.

தரம் எதை வைத்துக் கணிக்கப்பட்டது? வீடுகளின் வயது, கட்டுமானம், வாடகை ஆகியவற்றோடு, அங்கு வசிப்போர் யார் என்பதும் படிவத்தில் ஒரு கேள்வியாக இருந்தது. அயல்நாட்டில் பிறந்தோர் எத்தனை விழுக்காடு, கறுப்பினத்தார் எத்தனை விழுக்காடு, எந்த இனத்தாரின் ஊடுருவல் நிகழ்கிறது என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. அலுவலகப் படிவங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த ஊடுருவல் என்ற சொல் நெஞ்சில் தைக்கிறது. பகைவர் படை எல்லை தாண்டி வருவதற்கு வழங்கும் சொல், வாடகை கொடுத்துக் குடிவந்த ஒரு குடும்பத்திற்கு வழங்கப்பட்டிருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பிய எழுத்தர் எவரையும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. கட்டம் இருந்தது, அதனை நிரப்பினார். வெறுப்புச் செய்ய வேண்டிய வேலையைப் படிவமே செய்து முடித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த வரைபடங்கள் மட்டுமே எல்லாத் தீங்குக்கும் காரணம் என்று கூறுவது சரியன்று. அந்தக் கழகம் கறுப்பினத்தார் சிலருக்கும் கடன் கொடுத்தது. அதன் வரைபடங்கள் எல்லா வங்கிகளுக்கும் பரவலாகக் கிடைத்தன என்பதையும் இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஒப்புவதில்லை. பெருந்தீங்கு விளைத்தது 1934-இல் ஏற்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்ற மற்றோர் அமைப்பேயாகும். அது தானே கடன் கொடுக்கவில்லை. வங்கிகள் கொடுக்கும் கடனுக்குக் காப்புறுதி அளித்தது. அதற்கு முன்பு வீடு வாங்குவோர் விலையில் ஏறக்குறையப் பாதியை முன்பணமாகக் கட்டி, மிகுதியைச் சில ஆண்டுகளில் தீர்க்க வேண்டியிருந்தது. காப்புறுதி வந்த பின் முன்பணம் குறைந்தது; தவணை 20 ஆண்டு, பின்னர் 30 ஆண்டு என நீண்டது. சாதாரணத் தொழிலாளியும் சொந்த வீடு காண முடிந்தது. ஆனால் அந்த நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேடு, ஒரு பகுதியில் ஒன்றோடொன்று இசையாத இனத்தார் கலந்து வாழ்வது சொத்தின் மதிப்பைக் குறைக்கும் என்று கூறி, இனத்தைக் குறிக்கும் பத்திர நிபந்தனைகளை விரும்பத்தக்கவை எனப் பரிந்துரைத்தது. முன்பு தனியார் செய்த குற்றம் இப்போது அரசாங்கத்தின் தகுதி விதியாயிற்று.

இதன் விளைவை உணர்த்த இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். டெட்ராய்ட் நகரில் 1941-இல் ஒரு கட்டட வணிகர் வெள்ளையர்க்கென வீடுகள் கட்ட முனைந்தார். அருகில் கறுப்பினத்தார் வசித்தமையால் காப்புறுதி கிடைக்கவில்லை. இரு பகுதிகளுக்கும் இடையே 6 அடி உயரமும் ஏறத்தாழ அரை மைல் நீளமும் உள்ள சுவர் ஒன்றை எழுப்பினார், காப்புறுதி கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. நியூயார்க் நகரத்துக்கு அருகே 1947-இல் தொடங்கிக் கட்டப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்பில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் மிகக் குறைந்த முன்பணத்தில் அங்கே குடியேறினர். அதே போரில் பங்குகொண்ட கறுப்பின வீரர்க்கு அங்கே இடமில்லை.

கடன் கிடைக்காத பகுதியின் கதி என்ன? வீடு வாங்க விரும்புவோர் வங்கியை நாட இயலாமல், தரகர்களிடம் அதிக விலைக்குத் தவணை ஒப்பந்தத்தில் வாங்கினர். சிகாகோ நகரில் இத்தகைய ஒப்பந்தங்கள் மிகுந்திருந்தன. கடைசித் தவணை கட்டும் வரையில் வீடு அவர்களுடையதன்று. ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணமும் வீடும் போய்விடும். தவணையைக் கட்டும் பொருட்டு ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விட்டனர். பழுது பார்க்கப் பணமில்லை, வீடுகள் சிதைந்தன. பின்னர் வந்த அதிகாரிகள் சிதைந்த வீடுகளைக் காட்டி, இந்தப் பகுதி கடன் கொடுக்கத் தகாதது என்று நாம் அன்றே சொல்லவில்லையா என்றனர். விதி தன் பொய்யைத் தானே மெய்யாக்கிக்கொண்டது.

செயின்ட் லூயி நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தார் 1945-இல் ஒரு வீடு வாங்கினர். பத்திரத்தில் பழைய நிபந்தனை இருந்ததைக் காட்டி, அதே தெருவைச் சேர்ந்தவர் வழக்குத் தொடுத்தார். 1948-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நுட்பமானது. தனியார் தம்முள் அவ்வாறு ஒப்பந்தம் செய்துகொள்வதைத் தடுப்பதற்கில்லை. ஆனால் அதனை நிறைவேற்றித் தருமாறு அரசின் உறுப்பாகிய நீதிமன்றத்தைக் கேட்க முடியாது என்று நீதிபதிகள் கூறினர். மத்திய வீட்டுவசதி நிர்வாகம் தன் போக்கை மாற்றிக்கொள்ள அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் வேறொரு துன்பம் வந்தது. 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சேரிகளை அகற்றுவதற்கும், 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் பெருஞ்சாலைகள் அமைப்பதற்கும் பெரும் பணம் ஒதுக்கின. மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலையின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசே ஏற்றது. சாலை எவ்வழியே செல்வது? நிலத்தின் விலை குறைவாகவும், எதிர்த்துக் கேட்போரின் குரல் வலுவற்றும் இருந்த இடத்தின் வழியே சென்றது. செயின்ட் பால் நகரில் ராண்டோ என்ற பகுதியும், டெட்ராய்ட் நகரில் பிளாக் பாட்டம் என்ற பகுதியும் இவ்வாறு அழிந்தன. கடைகள், கோயில்கள், நாடக அரங்குகள், தலைமுறையாகப் பழகிய அண்டை அயலார் ஆகிய எல்லாம் சிதறின. இழப்பீட்டுக் கணக்கில் கட்டடத்திற்கு விலை இருந்தது. சமூகத்திற்கு விலை இல்லை.

1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் ஏழைப் பகுதியில் ஒரு சிறு வீட்டில் குடியேறி, வீட்டுவசதியில் நீதி கோரி இயக்கம் நடத்தினார். ஊர்வலம் சென்றபோது அவர்மீது கல் விழுந்தது. 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். ஒரு வாரத்திற்குப் பின், ஏப்ரல் 11-ஆம் நாள், ஜனாதிபதி ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனத்தைக் காட்டி வீடு மறுப்பதை அச்சட்டம் தடைசெய்தது. 1977-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், வங்கிகள் தாம் வைப்புத்தொகை திரட்டும் ஏழைப் பகுதிகளுக்கும் கடன் வழங்க வேண்டுமென்றது.

ஆயினும் சட்டத்தை நீக்கினால் விளைவு நீங்கிவிடுமா? வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவையே அவ்வாறு வாழ்கின்றன. அமெரிக்கக் குடும்பத்தின் சேமிப்பு பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பதால், தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட கடன் பேரனுக்குக் கிடைக்காத சொத்தாக நிற்கிறது. வெயிலும் இதற்குச் சாட்சி சொல்லுகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 108 நகர்ப்பகுதிகளின் தரைவெப்பத்தைப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டது. அவற்றில் நூற்றுக்கு 94 பகுதிகளில், அன்று சிவப்பு தீட்டப்பட்ட இடங்களே இன்று மிகுந்த வெப்பம் உடையன; சராசரியாக ஏறக்குறைய 2.6 டிகிரி செல்சியஸ் வேறுபாடு. பச்சைப் பகுதிகளில் மரங்களும் பூங்காக்களும் வளர்ந்தன. சிவப்புப் பகுதிகளில் தாரும் சிமெண்டும் பெருகின. எண்பது ஆண்டுகளுக்கு முன் தீட்டிய வண்ணம் இன்றும் மனிதரின் மேனியைச் சுடுகிறது.

அப்படியானால் வழிதான் என்ன? பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி வட்டாரத்தில் டட்லி தெருவைச் சுற்றியுள்ள மக்கள் ஒரு வழியைக் கண்டார்கள். வங்கிகள் கைவிட்டமையாலும், காப்பீட்டுப் பணத்திற்காகச் சொந்தக்காரர்களே வீடுகளுக்குத் தீ வைத்தமையாலும், 1980-களில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் வெறுமையாகக் கிடந்தன. வெளியூர்க் குப்பையை லாரிகளில் கொண்டுவந்து அங்கே கொட்டினர். 1984-இல் ஓர் அறக்கட்டளையும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து சீரமைப்புத் திட்டம் வகுத்து, பின்னர் மக்களைக் கூட்டி விளக்கின. அப்போது மக்கள் எழுந்து, மேடையில் அமர்ந்திருப்போரில் இங்கே குடியிருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே திட்டத்தை மாற்றிற்று. நிர்வாகக் குழுவில் குடியிருப்போர்க்கே பெரும்பான்மை என்று முடிவாயிற்று. கறுப்பினத்தார், ஸ்பானிய மொழியினர், கேப் வெர்தே தீவிலிருந்து வந்தோர், வெள்ளையர் ஆகிய நான்கு வகுப்பாருக்கும், தொகை எதுவாயினும், சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. நான்கு மொழி பேசுவோர் கூடி வாழும் நகரப் பகுதிகளில் வசிக்கும் நம்மவர்க்கு இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

அவர்கள் முதலில் மாளிகை கட்டவில்லை. குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள். எல்லா வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ளக்கூடிய சிறு வெற்றி அது. பின்னர் 1988-இல், ஒரு முக்கோண வடிவப் பகுதியில் வெறுமையாகக் கிடந்த தனியார் மனைகளைப் பொது நன்மைக்காகக் கையகப்படுத்தும் உரிமையை நகர அதிகாரிகளிடமிருந்து பெற்றார்கள். நெடுஞ்சாலைக்காக ஏழைகளின் வீட்டைப் பறித்த அதே அதிகாரம், ஏழைகள் தம் தெருவைக் காத்துக்கொள்ளும் கருவியாக மாறியது. ஒரு குடியிருப்போர் சங்கத்திற்கு அந்நாட்டில் இவ்வுரிமை கிடைத்தது அதுவே முதல் தடவையாகும்.

பெற்ற நிலத்தை அவர்கள் விற்கவில்லை. சமூக நில அறக்கட்டளை என்ற அமைப்பின் பெயரில் வைத்தார்கள். வீடு குடும்பத்திற்குச் சொந்தம். நிலம் சமூகத்திற்குச் சொந்தம். 99 ஆண்டுக் குத்தகையில் நிலத்தைப் பெற்று, வீட்டை வாங்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் விற்கும் விலைக்கு வரம்பு உண்டு. அடுத்து வரும் எளிய குடும்பமும் வாங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். பகுதி செழித்தால் நிலவிலை ஏறும், நிலவிலை ஏறினால் பழைய ஏழைகள் வெளியேற நேரும் என்ற நச்சு வட்டத்தை இது தடுக்கிறது. 200-க்கும் மேற்பட்ட வீடுகளும், தோட்டங்களும், பூங்காவும், பயிர்வளர்ப்புக் கண்ணாடிக் கூடமும் அந்நிலத்தில் எழுந்தன. நிலைத்த வளர்ச்சி என்று இக்காலத்தில் பேசப்படுவதன் பொருளை நாம் இங்கே காண்கிறோம். வளர்ச்சியைத் தாங்கி உழைத்தவர்களே அதன் பயனையும் அனுபவிக்க அவ்விடத்தில் நிலைத்திருப்பதுதான் அது.

இந்த எண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது நம்மிடமே திரும்பி வருகிறது. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காக அமைக்கப்பட்டது. ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெரட், ராபர்ட் ஸ்வான் முதலியோர் அதனைத் தோற்றுவித்தனர். அவர்களுக்குத் தூண்டுகோலாயிருந்தவற்றுள் ஒன்று வினோபா பாவேயின் கிராமதான இயக்கம். 1951-இல் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் பூமிதானமாகத் தொடங்கிய வேள்வி, அடுத்த ஆண்டிலேயே நிலத்தின் உடைமையைக் கிராமத்திற்கே அளிக்கும் கிராமதானமாக வளர்ந்தது. உழுபவர் உழலாம், ஆனால் நிலத்தை வெளியாருக்கு விற்க இயலாது என்பதே அதன் சாரம். நம் நாட்டில் பல கிராமதானங்கள் அறிவிப்போடு நின்றுவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்த விதை கடல் கடந்து வேறு மண்ணில் முளைத்தது. அங்கும் அது எளிதில் வளர்ந்துவிடவில்லை. சுமார் 5,700 ஏக்கர் கொண்ட அந்த ஜார்ஜியாப் பண்ணை, வறட்சிக் காலத்தில் வெள்ளை உழவர்க்குக் கிடைத்த அரசாங்கக் கடன் தனக்குக் கிடைக்காமல் 1985-இல் ஏலம் போயிற்று. 2009-இல், மறுத்தது அநீதி என்று ஏற்கப்பட்டு, 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. நீதி வந்தது, இருபத்து நான்கு ஆண்டு கழித்து வந்தது.

இவை அயல்நாட்டுச் செய்திகள்தாமே என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. பாரதக் குடிமகன் எவரும் நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் நம் அரசியலமைப்பின் 19-ஆவது விதி உரிமை அளிக்கிறது. ஆனால் அந்த உரிமை அரசாங்கத்தை நோக்கியது; வீட்டுக்காரரின் கதவைத் திறந்துவிடுவதன்று. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர் ஒரே சமூகத்தாராகவே இருக்க வேண்டும் என்று வகுத்த துணைவிதியை, 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லுமென்று கூறியது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைக் காத்துக்கொள்ளும் உரிமை அதில் பேசப்பட்டது. அந்த வாதத்திலும் பொருள் இல்லாமலில்லை. ஆனால் ஒவ்வொரு சங்கமும் அவ்வாறே விதி செய்துகொண்டால், எந்தச் சங்கத்திலும் சேராத புதியவர் எங்கே போவது? இந்தக் கேள்வி பிழைப்புத் தேடி வந்த நமக்குப் பிறரைக் காட்டிலும் நெருக்கமானது.

ஆகவே நேயர்களே, நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. தனி மனிதரின் வெறுப்பு அவரோடு மறைந்துவிடலாம். விதியாக எழுதப்பட்ட வெறுப்பு விதி மறைந்த பின்பும் வாழும். ஆதலால் படிவங்களையும் துணைவிதிகளையும் நாம் கவனித்துப் படிக்க வேண்டும். இரண்டாவது, கெட்ட சட்டத்தை நீக்குவது பாதி வேலை. அது விளைத்த நட்டத்தை ஈடுசெய்வது மறு பாதி. மூன்றாவது, ஒரு தெருவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மேடையில் அத்தெருவில் வாழ்வோர் அமர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இன்று வாடகை வீடு தேடி அலையும் நம்மில் பலர் பத்து ஆண்டு கழித்து இந்நகரங்களிலேயே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆவோம். குடியிருப்போர் சங்கத்தில் செயலாளரும் ஆவோம். அப்போது வேறொரு மாநிலத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பலகையைக் கண்டு நம் படியேறுவார். அவரிடம் நாம் முதலில் கேட்கப் போவது எது? வாடகை கட்ட இயலுமா என்பதா, பெயர் என்ன, ஊர் எது என்பதா? அந்த விடையை நாம் இன்றே நம் உள்ளத்தில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.